ஐஸ் வைக்காத இறால்

சித்தி தொட்டியின் மேலிருந்த ஈரச் சாக்கை விலக்கியதும் நான் குனிந்து பார்த்தேன். முந்தின நாள் காலையில் பிடித்த வெள்ளை இறால் அது. தலையும் உடலும் சேரும் இடத்தில், ஓட்டின் ஓரங்களில், வாலின் நுனியில், மை ஊறியதுபோலக் கருப்பு ஏறியிருந்தது. சுற்றி நின்றவர்கள் இறாலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். படித்தவள் இதைக் கண்டு திகைப்பாள், அந்தத் திகைப்பை அதிகாரிகளுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்வாள் என்று காத்திருந்தார்கள். நான் திகைத்தது உண்மைதான். காரணம் மட்டும் அவர்கள் நினைத்தது இல்லை.

"பாத்தியா, எப்டி கருத்துக் கீதுன்னு?" என்றாள் சித்தி. "அத்தினியும் எண்ணெ. இத்த அப்டியே அந்த ஆப்பீசரு கால்மாட்டுல கொட்டுறேன். வாசன எல்லாம் ஆதாரம் ஆவாதுன்னு சொன்னாரு இல்ல? கண்ணால பாக்கட்டும்."

அம்மாவின் தங்கை அவள். நாங்கள் ராயபுரத்திலேயே இருந்துவிட்டோம். அவள் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்த ஆண்டு பெருமழை வடிந்தபின் ஆற்றின் மேல் எண்ணெய்ப் படலம் வந்தது. அலையாத்தி வேர்களிலும் படகுகளின் அடியிலும் பிசின்போல ஒட்டியது. எங்கிருந்து வந்தது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அரசு ஒரு குழுவை அனுப்பி, எந்தெந்தக் குப்பங்கள் பாதிக்கப்பட்டவை என்று எல்லை போட்டது. முதல் முறை வந்தபோது அந்த எல்லை சித்தியின் குப்பத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. இங்கே எண்ணெய் வந்ததற்குச் சான்று போதவில்லை என்றார்கள். அன்று மதியம் இரண்டாவது முறையாக, அதுதான் கடைசி முறை என்று சொல்லிவிட்டு, வரவிருந்தார்கள். அதிலும் விடுபட்டால் கரையைத் துப்புரவு செய்ய ஆள் வராது. ஆறு நன்றாக இருக்கிறது என்று காகிதத்தில் இருக்கும். சந்தையில் மட்டும் அந்த ஆற்றின் இறாலை ஒருவரும் தொடமாட்டார்கள். முதல் வருகையின்போது எல்லோரையும்விட உரக்கப் பேசியவள் சித்தி. அதனால் இரண்டாவது வருகைக்குச் சான்று கொண்டுவரும் பொறுப்பும் அவள் தலையில் வந்து விழுந்தது.

"ஐஸ் வைக்கவே இல்லையா சித்தி?" என்று கேட்டேன்.

"எப்டி வைக்க சொல்ற? போன தபா ஐஸ் பொட்டியில காமிச்சதுக்கு, இந்த ஐஸுல இன்னா கலந்துகினு வந்தீங்கோன்னு கேட்டாரே அந்த ஆளு. அதான் ஊர்த் தலைவரே சொன்னாரு, ஒரு துண்டு ஐஸ் படக்கூடாது, மருந்துத் தூளு படக்கூடாது, ஆத்துல இருந்து எடுத்தது எடுத்த மாதிரியே இருக்கணும்னு. ஊரே பாத்துகினு இருக்க சாக்கு போட்டு மூடினோம். ஒருத்தன் கை வைக்கல."

இப்படி ஒரு தவறை இவ்வளவு நேர்மையானவர்களால்தான் செய்ய முடியும். சான்றில் எந்தக் கலப்பும் இருக்கக்கூடாது என்று அவர்கள் எடுத்துக்கொண்ட கவனமே சான்றைக் கெடுத்திருந்தது. பிடித்த கையோடு ஐஸில் போட்டே பழகியவர்கள், இவ்வளவு கருப்பை எண்ணெயோடுதான் சேர்த்துப் பார்த்தார்கள்.

நான் உயிர்வேதியியல் ஆய்வு மாணவி. ஆக்சிஜனேற்றம் செய்யும் செம்பு நொதிகள் என்பது என் ஆய்வுத் துறையின் பெயர். நடைமுறையில் சொன்னால், இறால் ஏன் கருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இறாலின் இரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமப்பது நமக்குப் போல இரும்பு இல்லை, செம்பு. அதைச் சுமக்கும் புரதத்தின் உள்ளே ஒரு சிறிய பொந்து இருக்கிறது. அதில் இரண்டு செம்பு அணுக்கள் எதிரும் புதிருமாக அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு செம்புக்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு குறுக்காக வந்து படுக்கும். அது படுத்த கணத்தில் நிறமில்லாத புரதம் நீலமாகும். ஆய்வுக்கூடத்தில் அந்த நீலத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் சாப்பிடப் போகவில்லை.

அதே இறாலின் உடலில் பீனாலாக்சிடேஸ் என்று இன்னொரு புரதம் இருக்கிறது. அதன் நடுப்பகுதியும் ஏறக்குறைய இதே அமைப்புதான். இரண்டு செம்பு, பிடித்திருக்கும் அதே ஹிஸ்டிடின்கள், நடுவே குறுக்காக ஆக்சிஜன். வேறுபாடு வாசலில் இருக்கிறது. முதல் புரதத்தில் செம்புக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும். ஆக்சிஜன் நுழையும், அதைவிடப் பெரிய மூலக்கூறு நுழையாது. அதனால் அது சுமந்து செல்வதோடு நின்றுகொள்ளும். இரண்டாவதிலோ வழி திறக்கும்போது டைரோசின் போன்ற பீனால் வகைப் பொருள்கள் உள்ளே போய்விடும். செம்புக்கு நடுவே காத்திருக்கும் ஆக்சிஜன் அவற்றின் மேல் ஏறும். அவை குயினோன்களாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மெலனின் என்ற கரிய பொருளாகும். நறுக்கிவைத்த கத்தரிக்காய் கருப்பதும் நம் முடி கருப்பாக இருப்பதும் இந்தக் குடும்பத்தின் வேலைதான்.

உயிரோடிருக்கும் இறாலுக்கு இந்த நொதி பெரிய துணை. ஓடு உரித்தபின் புது ஓட்டை இறுக்கும், காயத்தை அடைக்கும், உள்ளே வந்த கிருமியைச் சுற்றிக் கருஞ்சுவர் எழுப்பும். வேண்டாதபோது வேலையைத் தொடங்கிவிடக் கூடாது என்று உடல் அதைப் பூட்டியே வைத்திருக்கும். இறால் செத்ததும் வயிற்றின் செரிமான நீர்கள் கசிந்து அந்தப் பூட்டை உடைத்துவிடும். அப்புறம் ஒரு கட்டுப்பாடும் இல்லை. செத்த உடல் தன் காயங்களுக்கு இன்னும் கட்டுப் போட்டுக்கொண்டே இருக்கும். ஐஸ் அதைத் தாமதப்படுத்தும். வெயிலும் புழுக்கமும் விரைவுபடுத்தும். ஆக, ஒரு சொட்டு எண்ணெயும் படாத ஆழ்கடல் இறாலைக் காசிமேட்டுத் துறைமுகத்தில் இறக்கி, ஐஸ் இல்லாமல் சாக்கு போட்டு மூடிவைத்தாலும் மறுநாள் இதே கருப்புதான் இருக்கும்.

குழுவில் ஒரு மீன்வள அறிஞர் வருகிறார் என்று சித்தியே சொல்லியிருந்தாள். அவர் சாக்கை விலக்கிய மறுகணமே இதைக் கண்டுகொள்வார். இறாலின் கருப்பு பொய் என்றால், வேர்களில் ஒட்டிய பிசினும் பொய், மூச்சு அடைக்கும் வாசனையும் பொய் என்று ஆகிவிடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் தோற்பார்கள். திறந்தாலும் எங்கள் வீட்டுப் பெண் எங்களுக்கு எதிராகப் பேசினாள் என்று ஆகும். இரண்டில் எது குறைந்த கேடு என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சித்தியை அலையாத்தி ஓரமாகத் தனியே அழைத்துப் போனேன்.

சொன்னேன். செம்பு, நொதி என்றெல்லாம் இல்லாமல், செத்த இறால் ஐஸ் இல்லாவிட்டால் தானாகக் கருக்கும், இது அதுதான், எண்ணெய்க்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது என்று மட்டும் சொன்னேன். சித்தி தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே வந்து நின்றிருந்த அவள் மகன்தான் பேசினான். என்னைவிடச் சின்னவன். படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். ஆற்றுக்காக நடக்கும் கூட்டங்களில் முன் வரிசையில் நிற்பவன்.

"யக்கா, நீ இப்ப யாரு பக்கம்? அத்த மொதல்ல சொல்லு."

"பக்கம் பாத்து இறால் கருக்காதுடா."

"டயலாக்லாம் நல்லாத்தான் கீது. ராயபுரத்துல இருந்து பஸ் புடிச்சு வந்து எங்களுக்கே ஆப்பு வைக்கிற. ஒன்ன படிக்க வெச்சதுக்கு ஒரு டேங்கர் லாரிய படிக்க வெச்சிருக்கலாம்."

"தம்பி, ஆபீசரோட வர்ற மீன்வளத்துக்காரங்க இதத்தான் சொல்லப் போறாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நம்ம தொட்டிய எடுத்துடணும்."

"எடுத்துட்டு? வெறுங்கையோட நிக்க சொல்றியா? ஆத்தாக்கு அத்தன பேர் முன்னால மானம் பூடும்."

"உயிரோட இருக்கிற இறால் வேணும். செவுளைப் பார்க்கணும். எண்ணெய் இருந்தா அங்கதான் ஒட்டியிருக்கும். உயிரோட இருக்கும்போதே செவுள் கருத்திருந்தா செத்த பிறகு கருத்ததுன்னு யாரும் தட்டிக்கழிக்க முடியாது."

அப்போதுதான் அடுத்த முடிச்சு விழுந்தது. அந்த ஆற்றில் கழி நட்டுக் கட்டும் கட்டுவலை போடுவதற்கு முறை உண்டு. ஒரு நாள் இந்தக் குப்பம், மறுநாள் அடுத்த குப்பம். அன்று நமக்கு முறை இல்லை. தம்பி வலையை எடுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டான். தலைவர் குறுக்கே வந்து நின்றார்.

"வலைய கீழ போடு நைனா."

"ஒரே ஒரு இழுப்பு பெரிப்பா. ஆபத்துக்குப் பாவம் இல்ல."

"இன்னிக்கு நீ போடு. நாளைக்கு அவன் போடுவான். அப்பால ஆப்பீசரு வந்து ஆத்த நல்லாக்கி குடுத்தாலும் நாம அடிச்சுகினு சாவ வேண்டியதுதான். போடுடா கீழ."

முறைக்காரர்களிடம் கேட்டு வாங்கலாம் என்றால், அவர்கள் பிடித்தது அதற்குள் ஐஸ் ஏறி வண்டியில் போயிருந்தது. ஆற்றில் கடல் நீர் ஏறத் தொடங்கியிருந்தது. சித்தி புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகினாள்.

"கையால தடவறதுக்கு முறை இல்ல," என்றாள். தலைவர் வலையை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார். அவள் ஓலையால் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்தாள். அவள் நகர்ந்த வழியில் சேற்றிலிருந்து நிறநிறமாகப் படலம் கிளம்பித் தண்ணீரில் விரிந்தது. தோலுக்கு ஆகாத தண்ணீர் அது. அவளை அதில் இறக்கியது என் பேச்சு. அதை நினைத்தபடியேதான் கரையில் நின்றேன்.

குழு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இரண்டு ஜீப்புகள். சித்தி இன்னும் தண்ணீரில் தூரத்தில் இருந்தாள். நான் போய்த் தொட்டியின் முன்னால் நிற்பதற்குள் யாரோ சாக்கை எடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதிகாரி கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். கூட வந்த மீன்வள அறிஞர் கண்ணாடி அணிந்த நடுவயதுப் பெண்மணி. அவர் கையுறை மாட்டிக்கொண்டு ஓர் இறாலை எடுத்தார். தலையை மெல்ல அழுத்திப் பார்த்தார். ஓட்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஏளனம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அச்சமாக இருந்தது.

"இது எப்போ பிடிச்சது?" என்று கேட்டார். "ஐஸ் வெச்சீங்களா?"

கேள்வி தொடங்கிவிட்டது. அடுத்த வரியை அவர் சொன்னால் அது ஊர் சொன்ன பொய்யாகும். நாம் சொன்னால் நாமே விலக்கிக்கொண்டதாகும். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"வைக்கவில்லை, மேடம். இது நேற்றுப் பிடித்தது. இந்தக் கருப்பு பீனாலாக்சிடேஸ் நொதியால் செத்த பிறகு வந்தது. எண்ணெய்க்கு இதை ஆதாரமாக நாங்கள் காட்டவில்லை. தயவுசெய்து இதைத் தள்ளி வையுங்கள்."

சுற்றி நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அடிப்பாவி, இவளயா இட்டுகினு வந்தா?" என்றது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரோ கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கையிலிருந்த கோப்பை மூடினார்.

"சரி. உங்க வீட்டுப் பொண்ணே ஒத்துக்கிச்சு. அப்புறம் எங்களை எதுக்கும்மா வெயில்ல வரவெச்சீங்க?"

"சார், நான் சொன்னது பாதிதான். இன்னும் இறால் வருகிறது. உயிரோடு. அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்."

"எங்கேர்ந்து வருது?"

நான் ஆற்றைக் காட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். சித்தி பறியைப் பல்லில் கடித்தபடியே சேற்றில் கால் வைத்து ஏறி வந்துகொண்டிருந்தாள். இடுப்பு வரை பழுப்பும் கருப்புமாகப் பூசியிருந்தது. அதிகாரி ஜீப்புக்குள் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார். அறிஞர் அவரைக் கேட்காமலே கரையை நோக்கி நடந்தார். அவர் நடந்த பிறகு அதிகாரியும் காலை எடுத்துக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

சித்தி பறியைக் கவிழ்க்கவில்லை. உள்ளே கைவிட்டு ஓர் இறாலை எடுத்தாள். அது விரல்களுக்கு நடுவே துள்ளியது. கருப்பு இறால் தொட்டியையும், கூட்டத்தையும், என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நடந்ததை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அது செத்து கருத்தது சார்," என்றாள். "அத்த வுடு. இது உசுரோட கீது. நீயே பாரு."

அறிஞர் வாங்கித் தலை ஓட்டின் பக்கத்தை மெல்லத் தூக்கினார். செவுள் இழைகள் வெளிறி இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் பழுப்பாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. தன் பெட்டியிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அதன்மேல் ஒற்றினார். ஈரத்தோடு ஒரு பழுப்புக் கறை ஏறியது. தாளை வெயிலில் சாய்த்தபோது கறையின் ஓரம் பளபளத்தது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதிகாரியிடம் நீட்டினார். அவர் முகர்ந்துவிட்டுச் சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சோதிக்காமல் இதையும் உறுதியாகச் சொல்ல முடியாது," என்றார் அறிஞர் என்னிடம், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

"தெரியும் மேடம். சோதிக்க எடுத்துக்கொண்டால் போதும்."

"எடுக்காமல் போகமாட்டேன்."

மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைக்கும்போது தம்பி குனிந்து எட்டிப் பார்த்தான்.

"மேடம், இது யாரு வூட்டு ஐஸ்?"

"எங்க ஐஸ்தான் தம்பி."

"நல்லது. அப்பால எங்க ஐஸுல ஏதோ கீதுன்னு ஆரும் சொல்லப்படாது."

அதிகாரி சிரிக்கவில்லை. அறிஞர் குனிந்து பெட்டியின் வாயை ஒட்டுநாடாவால் சுற்றினார். அவர் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

ஜீப்புகள் போன பிறகு ஒருவரும் என்னோடு பேசவில்லை. சித்தி மண்ணெண்ணெய் தொட்ட துணியால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் துணியை வாங்கப் போனேன், தரவில்லை. "போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள். கோபமா களைப்பா என்று அந்தக் குரலில் பிரித்தெடுக்க முடியவில்லை.

அன்று மாலைக்குள் நான் பேசிய காட்சி கைப்பேசிகளில் ஓடத் தொடங்கியது. "எண்ணெய்க்கு இதை ஆதாரமாக நாங்கள் காட்டவில்லை" என்ற இடத்தோடு யாரோ வெட்டியிருந்தார்கள். எண்ணூர் ஆற்றில் ஒன்றுமில்லை, மீனவப் பெண்ணே சொல்கிறாள் என்று மேலே எழுதியிருந்தது. நான் மீனவப் பெண் என்பது அம்மா வழியில் பாதிதான் சரி. மீதிப் பொய்க்கு முன்னால் அது பெரிதில்லை. ஆய்வுக்கூடத்தில் தோழி ஒருத்தி அதை என்னிடமே காட்டி, இது நீதானே என்று கேட்டாள். வண்ணாரப்பேட்டையில் துணி எடுக்கப் போன இடத்தில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். உண்மையை முழுதாகச் சொன்னாலும் அதைக் கேட்பவர்கள் தங்களுக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ள முடியும். இதை நான் அன்று கணக்கில் எடுத்திருக்கவில்லை. எடுத்திருந்தாலும் வேறு எப்படிப் பேசியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. சித்தி போனை எடுக்கவில்லை. தம்பி மட்டும் முழுக் காட்சியையும் தேடிப் பிடித்து ஊர்க் குழுக்களில் போட்டு, கீழே கருத்து எழுதியவர்களோடெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான் என்று அம்மா சொன்னாள். என்னோடு அவன் பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. செவுள்களில் எண்ணெய்க் கழிவு இருந்தது. எல்லை நகர்ந்தது, சித்தியின் குப்பம் உள்ளே வந்தது. கரையைச் சுரண்ட ஆட்கள் வந்தார்கள். அறிக்கையின் முதல் பத்தியிலேயே, தொட்டியிலிருந்த இறாலின் கருப்பு இயல்பான நொதிச் செயல் என்றும், ஊர் அதைச் சான்றாக முன்வைக்கவில்லை என்றும் இருந்ததாம். அதைப் படித்துச் சொல்லத்தான் தம்பி முதன்முதலாக அழைத்தான்.

"யக்கா, வர்ற வாரம் மீட்டிங்கு. இதுல ரெண்டு செம்பு, நொதின்னு எழுதிகீறாங்கோ, அந்த மேட்டர நான் பேசணும். சொல்லு."

சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. முடித்ததும் எஞ்சின் இரைச்சலுக்கு மேலே அவன் கேட்டான்.

"சரி, எறா அந்த செம்ப எங்க இருந்து எடுக்குது?"

"சாப்பாட்டுலேர்ந்து. தண்ணியிலேர்ந்தும்."

"எங்க ஆத்துல அனல்மின் நிலையத்து சாம்பத் தண்ணியும் கழிவும் கலக்குது. அதுல செம்பு ஜாஸ்தி இருந்துச்சுன்னா, எறாக்குள்ள இந்த நொதியும் ஜாஸ்தியாவுமா? அடிபட்டுகினே இருக்குற எறாக்குள்ள அது எப்பவும் அவுத்து வுட்ட மாறி இருக்குமா? ஏன்னா, எங்க ஆத்து எறா முன்ன மாறி இல்லக்கா. சீக்கிரம் கருக்குது. அதான் கேக்குறேன்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வேறு இடங்களில், வேறு உயிரிகளில் நடந்த சோதனைகள் நினைவுக்கு வந்தன. சில ஆம் என்றன, சில இல்லை என்றன. ஐஸ் வைக்காததால் கருத்தது என்று அன்று நான் சொன்னது சரிதான். எவ்வளவு விரைவில் கருக்கும் என்பதில் அந்தத் தண்ணீருக்குப் பங்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இயல்பு என்று அறிக்கையில் ஏறிவிட்ட சொல்லுக்குள் எவ்வளவு இடம் திறந்து கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"தெரியாது தம்பி," என்றேன்.

"இன்னா தெரியாது? அதான உன் வேல?"

"யாரும் உங்க ஆத்துல பாக்கல. பாக்கணும்."

"அப்போ மீட்டிங்ல நான் இன்னான்னு சொல்றது?"

"தெரியாதுன்னே சொல்லு. அவங்களுக்கும் தெரியாதுன்னு சொல்லு. கண்டுபிடிக்காம இயல்புன்னு எழுதக் கூடாதுன்னு கேளு. இறால் கொடுத்தா நானும் என் பங்குக்குப் பாக்கறேன்."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த சித்தியிடம் அதைச் சொல்வது கேட்டது. சித்தி உரக்க ஏதோ திட்டினாள். திட்டு எனக்கா, அவனுக்கா, அந்த அறிக்கைக்கா என்று இரைச்சலில் புரியவில்லை. பிறகு போன் கை மாறியது.

"எந்த மாறி எறா வேணும் உனுக்கு?" என்றாள் சித்தி. "சின்னதா, பெரிசா?"